1983-ஆம் ஆண்டு ஷாத்தோ மூஸார்: மலை தாண்டி வந்த பழத்தின் ஒயின்

லெபனானைச் சேர்ந்த மேலதிகாரி ஒருவர் பணி ஓய்வு பெற்றபோது, 1983 என்று அச்சிட்ட ஷாத்தோ மூஸார் சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றைத் தங்களுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய அந்த ஒயின் இன்னும் குடிக்கும் நிலையில் இருக்குமா, அதை எப்படித் திறப்பது, ஒருவர் அதை வானளாவப் புகழும்போது இன்னொருவர் 'வினிகர் வாடையும் குதிரை லாய வாடையும் அடிக்கிறது' என்று ஒதுக்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வெப்பம் தாக்காமல் இருந்திருந்தால் அது பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். புகழ்பவரும் ஒதுக்குபவரும் ஒரே மணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. அந்த மணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல, பாட்டிலை விட்டுவிட்டுப் பண்ணையிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரான்சின் பொர்தோ பகுதியில் 'ஷாத்தோ' என்றால் மாளிகை, தோட்டம், நிலவறை மூன்றும் பெரும்பாலும் அருகருகே இருக்கும். காலையில் பறித்த பழம் சற்று நேரத்தில் நொதிக்கும் தொட்டிக்குள் இறங்கிவிடும். மூஸாரின் நிலவறை இருப்பது பெய்ரூட்டுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜூனியே விரிகுடாவைப் பார்த்தபடி மலைச்சரிவில் அமைந்த கஸீர் என்ற ஊரில். திராட்சை விளைவதோ லெபனான் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், கிழக்கே எதிர்-லெபனான் மலைத்தொடருக்கும் இதற்கும் நடுவே கிடக்கும் பெக்கா பள்ளத்தாக்கில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். சுண்ணாம்புப் பாறையின் மேல் சரளை மண். குளிர்காலத்தில் பனியும் மழையும், கோடையில் வானம் கருக்காத வெயில், இரவில் குளிர். திராட்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. பால்பெக்கில் ரோமானியர் தங்கள் ஒயின் தெய்வமான பாக்கஸுக்கு எழுப்பிய கோயில் இதே பள்ளத்தாக்கில்தான் நிற்கிறது என்பதிலிருந்து, இங்கே ஒயின் ஒரு புதிய பயிரின் கதையன்று என்பது விளங்கும். ஆனால் பறித்த பழம் தொட்டியை அடைய 1,500 மீட்டருக்கும் மேலான கணவாய் ஒன்றை ஏறி இறங்கி, கடற்கரைப் பக்கம் வந்து, மறுபடியும் மலை ஏற வேண்டும்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? கஸ்தோன் ஹோஷார் 1930-இல் இந்தப் பண்ணையைத் தொடங்கியபோது லெபனானும் சிரியாவும் பிரெஞ்சு ஆட்சிப் பொறுப்பில் இருந்தன. இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லைக்கோடு பெக்காவுக்கு எந்தப் பக்கம் விழும் என்பது உறுதியாகத் தெரியாத நிலையில், தோட்டம் எங்கிருந்தாலும் நிலவறை லெபனானில் இருக்கட்டும் என்று அவர் கஸீரைத் தேர்ந்தெடுத்ததாகக் காரணம் சொல்லப்படுகிறது. கஸீரில் 'ம்ஸார்' என்ற பெயருடைய 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இருந்தது. பண்ணையின் பெயர் அதிலிருந்து வந்தது. (நம்மூரில் தர்கா அடக்கத்தலங்களை 'மஸார்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அரபியில் சென்று காணத்தக்க இடம் என்பது அதன் பொருள்.) அன்றைக்குச் செய்த அந்த முன்னெச்சரிக்கை அரை நூற்றாண்டு கழித்து எப்படித் திரும்பி வந்தது என்பதை உங்கள் பாட்டிலின் ஆண்டே காட்டும்.

தொடக்கத்தில் மூஸாரின் ஒயினை வாங்கியவர்களில் அங்கே நிலைகொண்டிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் முக்கியமானவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையில் பணியாற்றி லெபனானுக்கு வந்த ரோனால்ட் பார்ட்டன், பொர்தோவின் லாங்கோவா, லெயோவில் பார்ட்டன் பண்ணைகளின் உரிமையாளர். அவருக்கும் கஸ்தோனுக்கும் ஏற்பட்ட நட்பின் தடம் இன்றும் மூஸாரில் பொர்தோவின் திராட்சையான கபர்னே சொவிஞோனுக்கு இருக்கும் இடத்தில் தெரிகிறது. கஸ்தோனின் மூத்த மகன் செர்ஜ் ஹோஷார் பொர்தோவில் ஒயின் இயல் படித்துவிட்டு 1959-இல் ஒயின் தயாரிக்கும் பொறுப்பைத் தந்தையிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவர் எமில் பெய்னோ. தூய்மை, வெப்பக் கட்டுப்பாடு, ஆய்வகக் கணக்கு ஆகியவற்றை பொர்தோவுக்குப் பழக்கியவர் அவர். அவருடைய மாணவரே பிற்காலத்தில் 'ஒயினைத் தன் போக்கில் விடு' என்ற கட்சிக்குத் தலைவர் போலாகிவிட்டதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆயினும் அந்தப் படிப்பு இல்லாமல் இந்தத் துணிச்சல் வந்திருக்காது என்பதே என் எண்ணம். எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதை அறிந்தவர் விடுவதும், அறியாதவர் விடுவதும் ஒன்றல்ல.

மூஸார் சிவப்பில் கலப்பது மூன்று திராட்சை வகைகள்: கபர்னே சொவிஞோன், சன்ஸோ, கரிஞான். கபர்னே சட்டகம் போல நின்று துவர்ப்பைத் தருகிறது. சன்ஸோ மென்மையையும் நறுமணத்தையும் கொடுக்கிறது. கரிஞான் நிறத்தையும் புளிப்பையும் சேர்க்கிறது. விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், ஓர் ஆண்டின் மூஸார் பொர்தோவை நினைவூட்டும், அடுத்த ஆண்டினது தென் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கை நினைவூட்டும். மூன்றையும் தனித்தனியே சிமென்டுத் தொட்டிகளில், தோலிலேயே ஒட்டி வரும் ஈஸ்டுகளைக் கொண்டு நொதிக்க விடுகிறார்கள்; பின் ஓராண்டு பிரான்சின் நெவேர் காட்டு ஓக் பீப்பாய்களில் வைக்கிறார்கள். அதன் பிறகே கலவை. மூன்றாம் ஆண்டின் முடிவில் பாட்டிலில் அடைத்து, வடிகட்டித் தெளிவாக்காமல், நிலவறையில் படுக்க வைத்து, அறுவடையிலிருந்து ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தகம் மிகக் குறைவாகவே சேர்க்கப்படுகிறது. இந்தக் கணக்கின்படி உங்கள் ஒயின் 1986 வாக்கில் பாட்டிலில் அடைபட்டு, 1990 வாக்கில் வெளியே வந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கும் லெபனானில் என்ன பொருள் என்பது தெரிந்ததுதான்: அது போரின் நடுவே அடைக்கப்பட்ட ஒயின், போர் ஓய்ந்த வேளையில் கடைக்கு வந்த ஒயின்.

உள்நாட்டுப் போர் 1975 ஏப்ரலில் தொடங்கி 1990 வரை நீடித்தது. கஸீர் இருந்த பகுதி கிறித்தவப் படைகளின் பிடியில் இருந்தது. பெக்காவில் 1976 முதல் சிரியப் படைகள் இருந்தன. நடுவே இருந்த மலைச்சாலையில் வெவ்வேறு குழுக்கள் காவல்சாவடி போட்டிருந்தன. பழம் காத்திருக்காது. அரிசி மூட்டையை நாலு நாள் சாவடியில் நிறுத்தினால் அரிசி அரிசியாகவே இருக்கும். கோடை முடியாத செப்டம்பர் மாதத்தில் திராட்சை லாரியை நிறுத்தினால், அடியில் நசுங்கிய பழம் அங்கேயே நொதிக்கத் தொடங்கிவிடும். 1976-இல் பழம் வந்து சேரவே இல்லை; அந்த ஆண்டுக்கு மூஸார் ஒயின் கிடையாது. 1984-இல் பெரும் சுற்றுக்குப் பிறகு லாரிகள் வந்து சேர்ந்தபோது வழியிலேயே நொதித்தல் தொடங்கியிருந்தது. ஒயின் என்று ஒன்று செய்து பார்த்தார்களே தவிர, வழக்கம்போல் விற்பனைக்கு விடவில்லை. போர் நடந்த மற்ற எல்லா ஆண்டுகளிலும் ஒயின் உருவானது. குண்டு விழும் நாட்களில் ஊர் மக்கள் கஸீர் நிலவறையைத் தஞ்சமடையும் இடமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் 1983-ஐ எடுத்துக்கொள்வோம். 1982 கோடையில் லெபனானுக்குள் நுழைந்த இஸ்ரேலியப் படை, 1983 செப்டம்பர் தொடக்கத்தில் ஷூஃப் மலைப்பகுதியிலிருந்து பின்வாங்கியது. அடுத்த கணமே துரூஸ் என்ற சமயப் பிரிவினரின் படைகளுக்கும் கிறித்தவப் படைகளுக்கும் இடையே 'மலைப் போர்' என்று இன்று அழைக்கப்படும் சண்டை மூண்டது. பெய்ரூட்டிலிருந்து தமாஸ்கஸுக்குச் செல்லும் நெடுஞ்சாலை அந்த மலைகளின் ஊடாகத்தான் போகிறது. அதே சாலையில் உள்ள பம்தூன் ஊர் முதல் சில நாட்களிலேயே கைமாறியது. செப்டம்பர் 25-இல்தான் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. பெக்காவில் கபர்னே பழுத்துப் பறிக்கத் தயாராவதும் ஏறத்தாழ அதே வாரங்களில்தான். சாதாரண நாளில் ஓரிரு மணி நேரத்தில் முடியும் பயணத்தை அந்த ஆண்டு எப்படியோ முடித்து வந்த பழத்திலிருந்து செய்ததுதான் உங்கள் கையில் இருப்பது. 1983-இன் ஒயின் பொதுவாக மூஸாரின் பெருத்த, கருத்த ஆண்டுகளோடு சேர்த்துப் பேசப்படுவதில்லை. மெலிந்த, நறுமணம் கூடிய ஒயினாகவே அதை எண்ணிக்கொள்வது நல்லது. பொர்தோவின் கனத்தை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

போர் உள்நாட்டுச் சந்தையை அழித்ததால்தான் உலகம் மூஸாரை அறிந்தது. வாங்கிக் குடிக்க ஊரில் ஆள் இல்லாமல் போகவே செர்ஜ் லண்டனை நாடினார். 1979-இல் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒயின் கண்காட்சியில், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் ஒயின் பிரிவுத் தலைவராக இருந்த மைக்கேல் பிராட்பென்ட் 1967-ஆம் ஆண்டு மூஸாரைச் சுவைத்துவிட்டு, அதையே அந்தக் கண்காட்சியின் கண்டுபிடிப்பு என்று எழுதினார். 1984-இல், விற்பனைக்கு விடும்படியான ஒயின் கிடைக்காமற்போன அதே ஆண்டில், டிகேன்டர் என்ற ஒயின் இதழ் தன் 'ஆண்டின் மனிதர்' விருதை முதன்முதலாக வழங்கியபோது அதைப் பெற்றவர் செர்ஜ். போர்க்கதையால் கிடைத்த பெயர்தான் அது, ஒயினால் கிடைத்ததன்று என்று சொல்பவர்கள் உண்டு. கதை உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிராட்பென்ட் சுவைத்தது 1967-ஐ. அது போருக்கு எட்டு ஆண்டுகள் முந்தைய பழம்.

இப்போது வாடைக்கு வருவோம். உங்கள் கேள்வியின் மையம் இதுதான். வினிகர் வாடைக்குக் காரணம் அசிட்டிக் அமிலம். அதோடு எத்தில் அசிட்டேட் சேர்ந்தால் நகப்பூச்சு மணம் வரும். எந்த ஒயினிலும் இது சிறிதளவு இருக்கும். அளவு ஏறும்போது பழத்தின் மணத்தை முதலில் தூக்கிக் காட்டும், இன்னும் ஏறினால் மூடிவிடும். பழம் வழியில் காத்திருப்பதும், இயற்கை ஈஸ்டை நம்புவதும், கந்தகத்தைக் குறைப்பதும் இந்த அளவை உயர்த்தக்கூடியவை. மூஸாரில் மூன்றும் உண்டு. குதிரை லாயம், தோல் சேணம், கிராம்பு என்று சொல்லப்படும் மணத்துக்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். 1904-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாவுசன் என்பவர் இங்கிலாந்தின் பழைய பீர்களுக்குரிய தனி மணத்தைத் தேடிப் போய் இதைக் கண்டறிந்தார். 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்பதே அதன் பெயருக்குப் பொருள். அன்று அது குறையாகக் கருதப்படவில்லை, அந்த பீர்களின் அடையாளமாகவே கருதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய ஒயின் ஆய்வகத்தில் இதே ஈஸ்ட் தென்பட்டால் பீப்பாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லிவிடுவார்கள்.

ஆக, தேர்வுத்தாளை வைத்துக்கொண்டு மதிப்பெண் போடுபவர் மூஸாரைத் தோற்கடிக்கலாம். அவர் விதிப்படி அது சரி. நம் சமையலில் நாள்பட்ட வடு மாங்காய்க்கும் கருவாட்டுக்கும் பழகாத ஒருவர் மூடியைத் திறந்ததும் முகம் சுளிப்பது போன்றதுதான் இது. ஆனால் இந்த உவமையை மூஸாருக்கு ஆதரவாக எல்லை வரை இழுக்க எனக்கு விருப்பமில்லை. கெட்ட பாட்டில் கெட்ட பாட்டில்தான். மூஸாரில் ஒரே ஆண்டின், ஒரே பெட்டியின் இரு பாட்டில்கள்கூட வேறுபடும். வடிகட்டாமலும் அதிகம் காக்காமலும் அடைத்த ஒயின் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் தன் வழியில் போகும். ஆகவே நீங்கள் படித்த இரு கருத்துகளும் இரு வேறு பாட்டில்களைப் பற்றியவையாகவும் இருக்கலாம். எனக்கு மூஸார் பிடிக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நாற்பது ஆண்டுகளில் உள்ளே என்ன நடந்திருக்கும்? இளம் சிவப்பு ஒயினின் ஊதா கலந்த நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின்களும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பைத் தரும் டானின்களும் காலப்போக்கில் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, கரைந்து நிற்க முடியாமல் வண்டலாக அடியில் இறங்கும். அதனால் நிறம் வெளுத்துச் செங்கல் நிறமாகும், ஓரத்தில் தேன் நிறம் தட்டும், துவர்ப்பு தணியும். தக்கையின் வழியே மிகச் சிறிதளவு காற்று உள்ளே கசிந்து, புதுப்பழ மணத்தை மெல்லக் குறைத்து, உலர்ந்த அத்தி, பேரீச்சை, பழைய மரப்பெட்டி, ஈர மண், தேயிலை என்று நாம் சொல்லிப் பார்க்கும் மணங்களுக்கு இடம் விடும். இந்த மாற்றத்தைத் தாங்கப் புளிப்பு வேண்டும். பெக்காவின் உயரமும் இரவுக் குளிரும் கரிஞானும் தருவது அதைத்தான். மூஸார் பல பத்தாண்டுகள் நிற்பதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பேன்.

பாட்டிலை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒயினின் மட்டம் கழுத்தின் அடியில் அல்லது தோளின் மேற்பகுதியில் இருந்தால் இந்த வயதுக்கு இயல்பு. தோளின் நடுவுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, தக்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாலோ, மூடித்தாளின் ஓரத்தில் பிசுபிசுப்புத் தடம் இருந்தாலோ வெப்பம் தாக்கியிருக்கலாம். சமையலறை அலமாரியில் நிற்க வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். அடுப்பின் சூடும் அதிர்வும் இந்த வயதில் தாங்காது, நின்றபடி இருந்தால் தக்கையும் காயும். 12 முதல் 14 பாகை வெப்பத்தில், இருட்டில், படுக்கையாக வைப்பதே முறை. அதற்கு வழியில்லை என்றால், இருக்கும் இடத்தில் மிகக் குளிர்ந்த மூலை ஒன்றைப் பார்த்துப் படுக்க வைத்து, வரும் சில மாதங்களுக்குள் திறந்துவிடுங்கள். இனிக் காத்திருந்து பெறுவதற்கு இந்த ஒயினில் அதிகம் மீதியில்லை.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் சேரட்டும். பழைய தக்கை திருகாணியில் நொறுங்கும், ஆகையால் இரண்டு மெல்லிய தகடுகள் தக்கையின் இருபக்கமும் இறங்கும் வகைத் திறப்பானைத் தேடிப் பிடியுங்கள். மெழுகுவர்த்தியோ கைபேசி விளக்கோ பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் இருக்க, நிறுத்தாமல் ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். இந்த வயது ஒயினை ஊற்றியவுடன் குடித்துவிட வேண்டும், காற்றுப் பட்டால் சரிந்துவிடும் என்பது பொதுவான அறிவுரை. பொர்தோவின் பழைய பாட்டில்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். மூஸார் இதில் பிடிவாதமானது. முதல் பதினைந்து நிமிடம் அது பெரும்பாலும் தன் மோசமான முகத்தையே காட்டும். அந்த நேரத்தில் ஒரு மிடறு சுவைத்துப் பார்த்து, வாடை எவ்வளவு, பழம் எவ்வளவு என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். வினிகர் வாடை தணிந்து பழம் மேலே வந்தால் நல்ல பாட்டில். வாடை மேலும் கூர்மையாகிப் பழம் காணாமலே போனால், அந்தப் பாட்டில் முடிந்துவிட்டது என்று ஏற்றுக்கொள்ளலாம்.

வெப்பம் 18 பாகை போதும். நம் ஊர் அறை வெப்பத்தில் வைத்தால் சாராய நெடி முன்னே வந்துவிடும், அதனால் பரிமாறும் முன் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உணவாக, மெதுவாக வெந்த ஆட்டிறைச்சி, கத்தரிக்காய், வறுத்த பைன் கொட்டை சேர்ந்த லெபனான் சமையல் இதற்கு இயல்பான துணை. மிளகாய்க் காரம் வேண்டாம்; முதிர்ந்த ஒயினின் மெல்லிய மணங்களை அது ஒரே வாயில் அழித்துவிடும். குடுவையில் கால் பங்கை மறுநாள் மாலைக்கு எடுத்து வையுங்கள். நாற்பது வயது ஒயினுக்கு இது வீணான சோதனை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். மூஸாரில் அந்த இரண்டாம் நாள் கோப்பை முதல் நாளினதை விடச் சிறந்திருந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறேன். உங்களுக்குக் கொடுத்தவர் அருகில் இருந்தால், அந்த முதல் மாலைக்கே அவரை அழையுங்கள். 1983 செப்டம்பரில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்பதற்கு அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பு பொருத்தமாக இருக்கும்.